அநியாயம் நடந்த மனசு கணக்குப் போடுமா?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் போய் வந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். மன்னார்குடி லைன் பிரிகிற ஜங்ஷன் எங்கள் ஊர். கேட் மூடினால் பஸ், லாரி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், கல்யாண வேன் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். அப்போது யாருக்காவது பெரிதாகக் கோபம் வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. கடலை வாங்கிக் கொறிப்போம். பக்கத்து ஸீட்காரரிடம் எந்த ஊர் என்று விசாரிப்போம். காத்திருப்பு எல்லாருக்கும்தானே!

ஆனால், கடைசியாக வந்த கார் ஒன்று ராங் சைடில் ஏறி, எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கட்டும்... அவ்வளவுதான். ரத்தம் கொதிக்கும். "நாங்கள்லாம் மனுஷங்க இல்லியா?" என்று ஒரு குரல் வரும். அந்தக் காரால் உங்களுக்கு நஷ்டம் எவ்வளவு? மிஞ்சிப்போனால் அரை நிமிஷம். ஆனாலும் கேட் தாண்டி, கடைத்தெரு தாண்டி, வீடு வந்து சேருகிற வரைக்கும் மனசுக்குள் அந்தக் கார் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணத்திலேயே மாமனாருக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டு வந்து நிற்பீர்கள்.

கவனியுங்கள். காத்திருந்ததால் மறதி வரவில்லை. அநியாயத்தால் வந்தது.

நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அநியாயம் மனசை நோகடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது மூளையையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. அப்புறம் அந்த ஆளையே பார்த்து, "மக்கு", "கவனமில்லை", "முன்னேற மாட்டான்" என்று பட்டம் கட்டுகிறோம். இது இரண்டாவது அநியாயம்.

மூணாறு தலைப்பு சொல்லும் பாடம்

எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்று ஒரு இடம் இருக்கிறது. வெண்ணாற்றில் வருகிற தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். வருகிற தண்ணீர் என்னவோ ஒரே அளவுதான். ஒரு பக்கத்து ஷட்டரை அதிகம் தூக்கினால் மற்ற பக்கம் குறையும். கடைமடை விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நம் கவனமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மனசுக்கு வருகிற தண்ணீர் இவ்வளவு என்று ஒரு அளவு உண்டு. "ஏன் என்னை மட்டும் அப்படிச் சொன்னாங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்? நாளைக்கும் அப்படியே சொல்வாங்களோ?" என்ற கேள்விகள் ஒரு ஷட்டரை முழுசாகத் திறந்துவிடுகின்றன. பாடத்துக்கும் வேலைக்கும் போக வேண்டிய தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது.

இதை நம் தமிழ்நாட்டிலேயே, வேறொரு கோணத்தில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் சேர்ந்து செய்து, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒரு முறையும் புத்திக் கூர்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதே ஆள், அதே மூளை. ஆனால் பணக் கவலை இருந்தபோது குறைவாகவும், கவலை தீர்ந்தபின் அதிகமாகவும் மதிப்பெண் வந்தது.

அது பணக் கவலை பற்றியது. அநியாயம் பற்றியது அல்ல. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். மனசை ஒரு கவலை பிடித்துக்கொண்டால், யோசிப்பதற்கு மிச்சம் இருப்பது குறைவு. அறுவடை வந்தால் பணக் கவலை தீரும். அநியாயத்துக்கு அறுவடைக் காலம் ஏது?

என் வீட்டுத் திண்ணையில் நடந்தது

இப்போது என்னைப் பற்றி ஒரு விஷயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு கோடை லீவில் என் பேத்திக்குத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் மகளும் கூட வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஏழாம் வகுப்பு. அந்தப் பெண் படு சூட்டிகை. பின்னக் கணக்கில் என் பேத்தியை முந்திக்கொண்டு விடை சொல்வாள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் என் ஓர்ப்படி வந்திருந்தாள். "யாருடி இந்தப் பொண்ணு?" என்றாள். நான் சாதாரணமாகச் சொன்னேன், "நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிறாளே, அவ பொண்ணு." காபி வந்தது. பேத்திக்கு எவர்சில்வர் டம்ளர். அந்தப் பெண்ணுக்குப் பிளாஸ்டிக் தம்ளர். அது தனியாக, கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிற தம்ளர். வைத்தது யார்? நான்தான். என் மாமியார் காலத்துப் பழக்கம். அதில் தப்பு இருக்கிறது என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

காபி குடித்த பிறகு கணக்கைத் தொடர்ந்தோம். பதினேழை ஆறால் பெருக்க வேண்டும். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "மறந்துபோச்சு டீச்சர்" என்றாள். அடுத்த கணக்கும் தப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கவனம் எங்கே இருக்கு உனக்கு?" என்று அதட்டினேன்!

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. "ஏம்மா, பொண்ணு வரலை?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன். "அதுக்குக் கணக்கு வரலியாம் டீச்சரம்மா, விட்டுருங்க" என்றார். கணக்கு வரவில்லையாம்! முந்தின நாள் காலை வரைக்கும் வந்த கணக்கு!

கவனம் எங்கே இருந்தது என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. அந்தத் தம்ளரில் இருந்தது.

உத்தரப் பிரதேச கிராமத்தில் ஒரு புதிர்

நான் ஏதோ குற்ற உணர்ச்சியில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கலாம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் செய்த பரிசோதனையைக் கேளுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டார்கள். மேல் சாதி என்று சொல்லப்படுகிற குடும்பங்களிலிருந்து 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து 321 பேர். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர்களைக் கொடுத்து, எத்தனை போடுகிறார்களோ அத்தனைக்குக் காசு என்றார்கள்.

யார் என்ன சாதி என்று சொல்லாமல் நடத்தியபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு, ஒவ்வொரு பையனின் பேரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு நடத்தினார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு வார்த்தை வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பிறந்ததிலிருந்து பார்த்த அத்தனை அனுபவமும் நிற்கிறதே!

இந்த மாதிரிப் பரிசோதனைகள் எல்லா நாட்டிலும் எல்லா முறையும் இதே அளவு வித்தியாசத்தைக் காட்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1995-ல் கறுப்பின மாணவர்களை வைத்து இப்படிப்பட்ட ஆய்வு ஒன்று வந்து பிரபலமானது. பிற்பாடு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே "எல்லாரையும் இது இவ்வளவு பாதிக்கும்" என்று தராசு வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 'ஒருத்தருக்கு வருகிற மார்க் அவருடைய மூளையை மட்டும் பொறுத்தது அல்ல. எந்த இடத்தில், யார் முன்னால், எப்படி உட்கார வைக்கப்பட்டார் என்பதையும் பொறுத்தது' என்பதை நான் என் திண்ணையிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் மறந்த பந்தி

பந்தியில் உட்கார வைப்பது என்று சொன்னதும் எங்கள் ஊரின் பழைய சங்கதி ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. நான் இதே ஊர்க்காரியாக இருந்தும், வயதான பிறகு புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1937 டிசம்பர் 28. நீடாமங்கலத்தில் தென் தஞ்சை ஜில்லா காங்கிரஸ் மாநாடு. தீண்டாமை ஒழிய வேண்டும் என்று காந்திஜி நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம். மாநாட்டுச் சாப்பாட்டுப் பந்தியில், எல்லாருக்கும் பொதுதானே என்று நம்பி ஆதிதிராவிடர்கள் சிலர் உட்கார்ந்தார்கள். அதற்காக அவர்களை அடித்தார்கள். மொட்டை அடித்தார்கள். சாணிப்பாலைக் கொடுத்து அவமானப்படுத்தினார்கள்.

பெரியாரின் 'விடுதலை'யும் 'குடி அரசு'ம் இதை வெளியே கொண்டுவந்தன. உடனே, "அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை" என்று மறுப்பு வந்தது. 'விடுதலை' மேல் மானநஷ்ட வழக்கே போட்டார்கள். ஆ. திருநீலகண்டன் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2017-ல் வெளிவந்தது.

இதை ஏன் ஒரு ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தவன் அடிபட்டு எழுந்தான் என்பது முதல் காயம். "நடக்கவே இல்லை" என்பது இரண்டாவது காயம். முதல் காயம் உடம்பில் பட்டது, ஆறும். இரண்டாவது காயம் புத்தியில் படுகிறது. 'நான் கண்ணால் பார்த்தது பொய்யா? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? நான் உட்கார்ந்திருக்கக் கூடாதோ?' என்று தன் அறிவையே சந்தேகப்பட வைக்கிறது. தன் கண்ணையே நம்பாத மனசு எப்படித் தெளிவாக யோசிக்கும்?

ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் பொதுக்கூட்ட மேடை ஏறி, தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். எத்தனை பெரிய தைரியம்! கேட்கவும் நம்பவும் ஆள் இருந்ததால்தான் அது முடிந்தது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, 1944-ல் மன்னார்குடியில் பண்ணையார்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் வந்தது. பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் சங்கம் கட்டியதன் பலன். 'இது என் தலையெழுத்து' என்று இருந்தது, 'இது தப்பு' என்று ஆனது. மனசின் ஆரோக்கியத்துக்கு இந்த ஒரு வார்த்தை மாற்றம் எவ்வளவு பெரிய மருந்து தெரியுமா?

இதயத்தையும் விடுவதில்லை

மனசோடு நின்றால் பரவாயில்லை. உடம்புக்கும் போகிறது. லண்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் வருஷக்கணக்காகக் கவனித்து வரும் 'வைட்ஹால்' ஆய்வில், ஆபீஸில் தங்களை நியாயமாக நடத்துகிறார்கள் என்று சொன்ன ஆண்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று 2005-ல் தெரியவந்தது. வேலைப் பளு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும்கூட! அநியாயம்தான் நேரடிக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்கிற நாம், வீட்டிலும் ஆபீஸிலும் அநியாயத்தையும் கொஞ்சம் குறைத்தால் கெட்டுப்போகாது.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" - சரியா?

"இதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா? மறந்துட்டுப் போகணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது எப்படி விழுகிறது? 'உனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை' என்று விழுகிறது. 1937-ல் சொன்ன அதே "நடக்கவே இல்லை"தான், கொஞ்சம் அன்பாக!

அதற்காக, நினைத்தது கிடைக்காத ஒவ்வொன்றையும் அநியாயம் என்று சொல்லவில்லை. தம்பிக்கு ஜுரம் என்பதால் அவனுக்கு மட்டும் ஹார்லிக்ஸ் கொடுத்தால் அது அநியாயம் இல்லை. காரணத்தைச் சொன்னால் குழந்தை புரிந்துகொள்ளும். காரணமே சொல்ல முடியாத வித்தியாசம் இருக்கிறதே, "பொண்ணுக்கு எதுக்கு?", "அவ கறுப்பு", "அவங்க அப்படித்தான்" என்பது மாதிரி... அதுதான் அநியாயம். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கைவிட்டுவிடுங்கள். இதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

என்ன செய்யலாம்?

வீட்டில் யாராவது "எனக்கு இப்படி நடந்தது" என்று வந்து சொன்னால், முதலில் முழுசாகக் கேளுங்கள். "நீ என்ன பண்ணின?" என்று குறுக்கு விசாரணையில் ஆரம்பிக்காதீர்கள். "அவங்க செஞ்சது தப்புதான்" என்ற ஒரு வாக்கியம் போதும். திறந்து கிடக்கிற அந்த ஷட்டர் கொஞ்சம் இறங்கும்.

அடுத்தது, அவர்கள் கையில் செய்ய ஏதாவது ஒன்று இருக்கட்டும். சின்னதாக இருந்தாலும் சரி. மேலதிகாரிக்கு ஒரு கடிதம், கிளாஸ் டீச்சரிடம் ஒரு பேச்சு, எதுவும் முடியாவிட்டால் நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியல் நிபுணர்கள் 1967-ல், தப்பிக்க வழியில்லாத கஷ்டத்தில் கிடந்த உயிர், பிறகு வழி திறந்தாலும் முயற்சி செய்யாமல் 'கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொள்கிறது' என்றார்கள். 2016-ல் அவர்களே அதைத் திருத்திச் சொன்னார்கள். சோர்ந்து கிடப்பது யாரும் கற்றுக்கொள்வது இல்லை, அது தானாக வருவதுதான். 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறதாம். கற்றுக்கொள்ளக் கூடியது என்றால் கற்றுக்கொடுக்கவும் கூடியதுதானே? ஒரு டீச்சருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது!

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்க்கையே வேண்டாம் என்று பேச்சு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மனநல டாக்டரைப் பாருங்கள். 'டெலி மானஸ்' என்ற அரசு சேவையில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, கொஞ்சம் கஷ்டமான வேலை. உங்கள் வீட்டு சமையலறையைச் சுற்றிப் பாருங்கள். தனித் தம்ளர் இருக்கிறதா? தனித் தட்டு? மகனுக்கு ஒரு துண்டு, மகளுக்கு அரைத் துண்டு? மருமகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்ற சட்டம்? "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லை" என்று உடனே சொல்லாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு நான் பண்ணினது தப்பும்மா. உனக்குக் கணக்கு நல்லா வரும்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் கழித்து நோட்டோடு வந்தாள். முன் மாதிரி முந்திக்கொண்டு விடை சொல்ல அவளுக்கு அந்த லீவு முழுக்க ஆயிற்று. ஒரு காபி நேரத்தில் போனது திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

அந்தப் பிளாஸ்டிக் தம்ளர் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. உங்கள் வீட்டில்?